கூல் பெயின்ட்டா? முதலில் நம்பரைச் சொல்லுங்கள்!

பங்குனி பிறந்தால் மாங்காய் வருகிறதோ இல்லையோ, "கூல் பெயின்ட்" விளம்பரம் வந்துவிடுகிறது. பஸ்ஸின் பின்னால், காம்பவுண்டுச் சுவரில், பேப்பரின் கடைசிப் பக்கத்தில். "மொட்டை மாடியில் அடியுங்கள், 10 டிகிரி குறையும்" என்று ஒருவர். "வெள்ளை மட்டும்தானா? உங்களுக்குப் பிடித்த எந்த நிறத்திலும் குளிர்ச்சி" என்று இன்னொருவர். சிவப்பு, பச்சை, சாம்பல், ஏன், கறுப்பிலேயே வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்ட் இருக்கிறது என்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது டுபாக்கூர் சமாச்சாரம் இல்லை. வெப்பத்தைத் திருப்பும் வண்ண நிறமிகள் உண்மையிலேயே இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. என் சண்டை விஞ்ஞானத்தோடு இல்லை. அந்த விஞ்ஞானத்தில் பாதியைச் சொல்லி மீதியை மறைத்து விற்கும் வியாபாரத்தோடுதான் சண்டை. நான் பி.காம். படிக்கிறவன், பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கு டாட்டா காட்டியவன். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கலாம். விலை, தரம், லேபிள், யார் காசு கொடுக்கிறார்கள், யாருக்குப் பலன் போகிறது என்பதெல்லாம் எங்கள் பாடம்தானே? இந்த விஷயத்தில் கோளாறே அங்கேதான் இருக்கிறது.

சரி, முதலில் விஞ்ஞானத்தைப் பார்த்துவிடுவோம்.

வெயிலில் பாதி கண்ணுக்கே தெரியாது

சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலை மூன்று பங்காகப் பிரிக்கலாம். சுமார் 5 சதவீதம் புற ஊதாக் கதிர். சுமார் 43 சதவீதம் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதி 52 சதவீதம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதாவது நம் மாடியைச் சுடும் வெயிலில் பாதிக்கு மேல் நாம் பார்க்கவே முடியாத ஒன்று.

ஒரு பொருளின் நிறத்தைத் தீர்மானிப்பது அந்த நடுப் பங்கு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதை விழுங்குகிறது, எதைத் திருப்புகிறது என்பதை வைத்துத்தான் நாம் சிவப்பு என்றும் பச்சை என்றும் சொல்கிறோம். அகச்சிவப்பை அது என்ன செய்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சாம்பல் நிறச் சுவர்கள் பார்ப்பதற்கு அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கலாம். ஒன்று அகச்சிவப்பை முழுதாக விழுங்கும், மற்றொன்று பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கையை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

இதற்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம், வாசலில் நிற்கும் வேப்பமரமே உதாரணம். இலைகள் அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிவிடுகின்றன. ராணுவம் இதைக் கவனித்தது. வெறும் பச்சை பெயின்ட் அடித்த வண்டி, அகச்சிவப்புக் கேமராவில் இலைகளுக்கு நடுவே கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். அதனால் இலையைப்போலவே அகச்சிவப்பைத் திருப்பும் குரோமியம் ஆக்சைடு வகை நிறமிகளை உருமறைப்பு பெயின்ட்டில் சேர்த்தார்கள். பகைவனின் கண்ணை ஏமாற்றப் பயன்பட்ட சரக்கு பிறகு கூரைக்கு வந்தது. இதன் உறவு நிறமிகளான இரும்பு-குரோமியம் ஆக்சைடுகளைக் கொண்டுதான் இன்று "கூல் பிளாக்" செய்கிறார்கள். வழக்கமான கறுப்பு என்பது கார்பன், அதாவது புகைக்கரி. அது எல்லாவற்றையும் விழுங்கும். கூல் பிளாக் கண்ணுக்குத் தெரிவதை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும், அகச்சிவப்பில் ஒரு பங்கை மட்டும் வெளியே தள்ளும்.

இந்தக் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய மாஸ் சுப்பிரமணியன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-ல் அவருடைய குழு எலெக்ட்ரானிக்ஸுக்கு ஏதோ பொருள் தேடிக்கொண்டிருந்தது. யிட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து சுமார் 1,200 டிகிரி உலையில் வைத்தார்கள். வெளியே வந்தது பளிச்சென்ற நீலம்! யின்மின் நீலம் என்று பெயர். 1802-ல் வந்த கோபால்ட் நீலத்துக்குப் பிறகு 200 ஆண்டுகளில் வந்த முதல் புதிய கனிம நீலம் என்று உலகமே கொண்டாடியது. கோபால்ட் நீலத்தைவிட இது அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும். ஆனால் இண்டியம் தங்கமாட்டம் விலை. செல்போன் திரைக்குப் போகிற பொருளை மொட்டை மாடியில் பூச எத்தனை பேரால் முடியும்?

சரி, விஞ்ஞானம் இவ்வளவுதான். இனி விளம்பரம் சொல்லாத கணக்குக்கு வருவோம்.

கறுப்புக்கு ஒரு கூரை விளிம்பு உண்டு

மேலே சொன்ன 5, 43, 52 என்ற மூன்று எண்களை மறுபடி பாருங்கள். ஒரு பெயின்ட் கருமையாகத் தெரிய வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியும் 43 சதவீதத்தை அது விழுங்கியே ஆக வேண்டும். விழுங்காவிட்டால் அது கருமையாகத் தெரியாது. அப்படியானால் உலகத்திலேயே சிறந்த நிறமி, அகச்சிவப்பில் ஒரு துளிகூட விடாமல் திருப்பினாலும், 52 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. இது எந்தக் கம்பெனியாலும் தாண்ட முடியாத எல்லை. நடைமுறையில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. சாதாரணக் கறுப்பு வெயிலில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பும், கூல் பிளாக் 25 அல்லது 30. புதிய வெள்ளை பெயின்ட்டோ 80-ஐத் தொடும். 2021-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்பேட்டைக் கொண்டு செய்த ஒரு வெள்ளை 98.1 சதவீதத்தைத் திருப்பியது.

இதை நம் வீட்டுக் கணக்காக மாற்றுவோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. 600 சதுர அடி மாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். திருப்பும் அளவு 10 சதவீதம் உள்ள சாதாரண அடர் சாம்பல் பூச்சு 50 கிலோவாட்டை விழுங்கும். 30 சதவீதம் திருப்பும் கூல் சாம்பல் 39 கிலோவாட்டை விழுங்கும். 80 சதவீதம் திருப்பும் வெள்ளை 11 கிலோவாட்டைத்தான் விழுங்கும்.

விழுங்கியதெல்லாம் அறைக்குள் இறங்கிவிடாது. பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போகும், கான்கிரீட் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி நம் தலைமேல் இறக்கும். இருந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூல் சாம்பலால் கிடைத்த லாபம் 11 கிலோவாட். அதற்கு மேல் வெள்ளை தரும் லாபம் 28 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் கனம் புரியும்.

ஆக, "சாதாரண சாம்பலைவிடக் கூல் சாம்பல் நல்லது" என்பது நூற்றுக்கு நூறு உண்மை. "எந்த நிறத்திலும் குளிர்ச்சி" என்பது பாதி உண்மை. யாரும் எட்டிப் பார்க்காத மொட்டை மாடியில், கொடியில் துணி காயும் இடத்தில், வெள்ளைக்குப் பதிலாக அடர் நிறத்தைக் கூடுதல் விலைக்கு விற்பது எதில் சேர்த்தி? காக்காய்க்கு அழகு காட்டவா?

டப்பாவுக்கு வெளியே நடக்கும் நான்கு விஷயங்கள்

போன கோடையில் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் போய் விசாரித்தேன். "தம்பி, இது கூல் பெயின்ட். அடிச்சா ஃபேனே தேவைப்படாது" என்றார் கடைக்காரர். "எவ்வளவு சதவீதம் வெயிலைத் திருப்பும் அண்ணே?" என்றேன். பக்கெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எத்தனை சதுர அடி வரும், எத்தனை மணி நேரத்தில் காயும், எத்தனை வருஷம் வாரன்டி என்று எல்லாம் இருந்தது. நான் கேட்டது மட்டும் இல்லை. அவர்மேல் தப்பு இல்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு எண் இல்லாததால் என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா?

ஒன்று, "10 டிகிரி குறையும்" என்றால் எங்கே குறையும்? மாடித் தளத்தின் மேற்பரப்பிலா, அறைக்குள்ளா? மேற்பரப்பில் 10 டிகிரி என்ன, அதற்கு மேலும் குறையும். அறைக்குள் இந்திய நகரங்களின் குளிர் கூரைத் திட்டங்களில் சொல்லப்படும் அளவு 2 முதல் 5 டிகிரி. அதுவே பெரிய விஷயம், கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் 2 டிகிரி என்பது தூக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மேற்பரப்பு எண்ணைக் காட்டி அறை எண்ணைப்போல நம்ப வைப்பது ஏமாற்று.

இரண்டு, புதிதாக அடித்த அன்று 80 என்றால் மூன்று வருஷம் கழித்து? தூசி, வண்டிப் புகை, மழைக்காலப் பாசி எல்லாம் சேர்ந்தால் புதிய வெள்ளையின் 80 சதவீதம் 60-க்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். கழுவிவிட்டால் கொஞ்சம் மீளும். இதை வாங்கும்போதே சொல்ல வேண்டாமா?

மூன்று, கலர் கலக்கும் மெஷின். கூல் நிறமியின் முழு மகிமையும் அதில் கார்பன் கறுப்பு இல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் டார்க்கா வேணும்" என்று சொல்லி, கடையில் சாதாரணக் கறுப்பு ஸ்டெய்னரைச் சில சொட்டு விட்டால் போதும், நிறம் நீங்கள் கேட்டபடி வரும், அகச்சிவப்பைத் திருப்பும் குணம் சத்தமில்லாமல் போய்விடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பில்லில் மட்டும் கூல் பெயின்ட் விலை இருக்கும்.

நான்கு, பிரைமர். சில நிறமிகள் அகச்சிவப்பைத் திருப்புவதில்லை, கண்ணாடி மாதிரி உள்ளே விட்டுவிடும். கீழே வெள்ளைப் பூச்சு இருந்தால் அது திருப்பி அனுப்பும், இரண்டும் சேர்ந்து வேலை நடக்கும். வெறும் சிமென்ட்மேல் அடித்தால் சிமென்ட் அதை விழுங்கிவிடும். "பழைய சுவர்தானே சார், பிரைமர் எதுக்கு, ரெண்டு கோட் டைரக்டா அடிச்சிரலாம்" என்று மேஸ்திரி காசை மிச்சப்படுத்தித் தந்தால், அங்கே மிச்சமானது பிரைமர் மட்டும் இல்லை, பெயின்ட்டின் பயனும்தான்.

பழைய கார் வியாபாரமும் கூல் பெயின்ட்டும்

எங்கள் பாடத்தில் ஜார்ஜ் அகெர்லாஃப் என்று ஒருவர் வருவார். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-ல் ஒரு கட்டுரை எழுதி, பின்னாளில் 2001-ல் நோபல் பரிசில் பங்கு வாங்கியவர். அவர் சொன்னது எளிமையானது. விற்கிறவருக்குத் தரம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்துப் பார்க்க முடியாதபோது வாங்குகிறவர் நடுத்தர விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார், ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள்தான்.

கூல் பெயின்ட் சந்தை அதே பாதையில்தான் போகிறது. நேர்மையாக விலை உயர்ந்த நிறமியைப் போட்டுச் செய்கிற கம்பெனியும், சாதாரண பெயின்ட்டில் பனிக்கட்டி படம் ஒட்டி விற்கிற கம்பெனியும் வாங்குகிறவர் கண்ணுக்கு ஒன்றுதான். நிறத்தை வைத்துச் சோதிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது! எண் அச்சிடாத சந்தையில் நேர்மையானவன்தான் நஷ்டப்படுவான். அதனால் இது பெயின்ட் கம்பெனிகளுக்கு எதிரான கோரிக்கையே இல்லை, நல்ல கம்பெனிகள் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட வேண்டிய கோரிக்கை.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. ஏ.சி. வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஸ்டாரைப் பார்க்கிறோம். நம் நாட்டில் ஸ்டார் லேபிள் திட்டம் 2006-ல் தொடங்கியது, அறை ஏ.சி.க்கு 2010-ல் கட்டாயமானது. இன்று எட்டாவது படிக்கிற பையனும் "அஞ்சு ஸ்டார் வாங்குப்பா, கரன்ட் மிச்சம்" என்கிறான். அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய குளிர் கூரைத் தரக் குழு இதையே கூரைக்குச் செய்கிறது. பொருளின் துண்டை மூன்று வெவ்வேறு தட்பவெப்பத்தில் மூன்று வருஷம் வெயிலில் போட்டு வைத்து, புதியதில் எவ்வளவு, மூன்று வருஷத்துக்குப் பின் எவ்வளவு என்று இரண்டு எண்களை வெளியிடுகிறது. கலிஃபோர்னியாவின் கட்டட விதிகளும் இதில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன. தட்டைக் கூரைக்கு உயர்ந்த அளவு, அதாவது கிட்டத்தட்ட வெள்ளைதான் வழி. தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் சரிவுக் கூரைக்குக் குறைந்த அளவு, அங்கே கூல் வண்ணங்களுக்கு இடம். யாருக்கு எது பொருந்துமோ அது.

கட்டாயம் யாருக்கு? வேர்வை யாருக்கு?

இந்தியாவில் விதியே இல்லையா என்றால், இருந்தது. எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித் தொகுப்பு 2007-லேயே, தட்டைக் கூரைகள் குறைந்தது 0.70 பங்கு வெயிலைத் திருப்ப வேண்டும் என்றது. 2017 பதிப்பு 0.60 என்றது. ஆக, அரசாங்கத்துக்கு அந்த எண் என்றைக்கோ தெரியும். ஆனால் 2017 தொகுப்பு யாருக்கு? 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மின்சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு. மால், ஐ.டி. பார்க், நட்சத்திர ஓட்டல். குடியிருப்புகளுக்கு 2018-ல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதாவும் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளைத்தான் குறி வைத்தது. அதாவது ஏற்கெனவே ஏ.சி. ஓடும் கட்டடத்துக்குக் குளிர் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் இருப்பவனுக்குக் கைவிசிறி!

தகர ஷீட் பளபளவென்று இருப்பதால் சூடாகாது என்று சிலர் நினைக்கிறார்கள். பளபளக்கும் உலோகம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பும்தான், ஆனால் தான் வாங்கிய சூட்டை வெளியே உமிழும் குணம் அதற்கு மிகக் குறைவு. அதனால்தான் மதியம் தகரக் கொட்டகைக்குள் நிற்க முடிவதில்லை. அதே தகரத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு போட்டால் திருப்பும் அளவும் கூடும், உமிழும் அளவும் கூடும். அங்கேதான் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் மிக அதிகப் பலன். அங்கேதான் ஒரு விளம்பரமும் போகாது, ஏனென்றால் அங்கே வாங்கும் சக்தி இல்லை.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமான கூடுதல் மரணங்கள் நேர்ந்தன. அந்த அடிக்குப் பிறகுதான் 2013-ல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது, 2017-ல் குடிசைப் பகுதிகளில் கூரைக்கு வெள்ளை அடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா 2023-ல் தனிக் குளிர் கூரைக் கொள்கையே அறிவித்தது. ஐந்தாண்டில் 300 சதுர கிலோமீட்டர் என்று இலக்கு, அரசு மற்றும் வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயம், வீடுகளில் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளுக்குக் கட்டாயம். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்லது. செத்த பிறகு நிவாரணம் தர ஒரு வழி பிறந்தது. சாகாமல் இருக்க ஒரு பக்கெட் வெள்ளையும் அதன்மேல் ஒரு நம்பரும் அதைவிட மலிவு இல்லையா?

இன்னொரு முடிச்சையும் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி, அதாவது கடைசி மாடி, வாடகை வீடு. மேலே பழைய சிவப்புத் தட்டோடு. மாடி ஹவுஸ் ஓனருடையது, சூடு எங்களுடையது, கரன்ட் பில்லும் எங்களுடையது. வெள்ளை அடிக்கச் செலவு செய்ய வேண்டியவர் தரைத்தளத்தில் குளுகுளுவென்று இருக்கிறார். பலன் பெற வேண்டிய நாங்கள் எப்போது காலி செய்வோமோ தெரியாது, அதனால் நாங்களும் செலவு செய்ய மாட்டோம். ஒருவர் செலவு செய்ய, மற்றவர் பலன் பெறும் இடத்தில் சந்தை தானாக வேலை செய்யாது. இது தனி மனிதர்களின் கருமித்தனம் இல்லை, அமைப்பின் கோளாறு. சொத்து வரியில் சிறு தள்ளுபடி கொடுத்தால் நாளைக்கே எங்கள் ஹவுஸ் ஓனர் ஏணி போட்டு ஏறுவார். ஆனால் தள்ளுபடி எதன் அடிப்படையில்? மறுபடியும் அந்த எண் வேண்டும்!

"ஆனால்..." என்பவர்களுக்கு

வெள்ளை கண்ணைக் கூசும் என்பார்கள். பக்கத்தில் உயரமான அபார்ட்மென்ட் இருந்தால் இது நியாயமான குறைதான். அங்கே இளம் நிறக் கூல் பெயின்ட் அடியுங்கள், மறுக்கவில்லை.

வெள்ளை சீக்கிரம் அழுக்காகும் என்பார்கள். ஆகும். அழுக்கான வெள்ளை 60-ல் நின்றாலும் புதுக் கூல் கறுப்பின் 30-ஐவிட இரண்டு மடங்கு.

வெள்ளை அடித்தால் வசதியில்லாத வீடு மாதிரி இருக்கும் என்பார்கள். இது நியாயமே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த ஊர் இது. புதுச் சுண்ணாம்பும் வெயிலை நன்றாகவே திருப்பும், மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் வண்ண நிறமிகளே வேண்டாமா? வேண்டும். ஓட்டு வீடுகள், சரிவான கலர் ஷீட் போட்ட பட்டறைகள், மேற்கு வெயில் முழுசாக விழும் வெளிச்சுவர்கள் என்று வெள்ளையை மனிதர்கள் ஏற்றுக்கொள்ளாத இடங்கள் ஏராளம். அங்கெல்லாம் சாதாரண நிறத்துக்குப் பதில் கூல் நிறம் வந்தால் அது சுத்த லாபம். மக்கள் எப்படியும் சிவப்பு ஷீட்தான் போடப் போகிறார்கள் என்றால் அது நல்ல சிவப்பாக இருக்கட்டும். வெள்ளை போக முடியாத இடத்துக்குப் போவதுதான் இந்த நிறமிகளின் வேலை. வெள்ளை போகக்கூடிய இடத்தில் அதைத் தள்ளிவிட்டு உட்காருவது அவற்றின் வேலை இல்லை.

கடைக்குப் போகும்போது

லேபிள் சட்டம் வரும்வரை நாமே லேபிளாக இருக்க வேண்டியதுதான். கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். வெயிலில் எத்தனை சதவீதத்தைத் திருப்பும்? மூன்று வருஷம் கழித்து எத்தனை? நான் கேட்கும் இந்த ஷேடுக்கே அந்த எண் பொருந்துமா, இல்லை கம்பெனியின் வெள்ளைக்கு வந்த எண்ணை எல்லா ஷேடுக்கும் சொல்கிறீர்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் இல்லை என்றால் கூல் நிறத்துக்கான கூடுதல் காசைக் கொடுக்காதீர்கள். சாதாரண வெள்ளையை வாங்கி மாடியில் அடித்துவிட்டு மிச்சக் காசில் தர்பூசணி வாங்கிச் சாப்பிடுங்கள், அதாவது நிச்சயம் குளிர்ச்சி தரும்.

அரசாங்கத்திடம் கேட்பது இரண்டே இரண்டு. "கூல்", "வெப்பத் தடுப்பு" என்று எழுதிய ஒவ்வொரு டப்பாவிலும் ஷேடு வாரியாக அந்த இரண்டு எண்களைக் கட்டாயமாக்குங்கள். குளிர் கூரைக்குக் கொடுக்கும் பணத்தை மேலிருந்து கீழே கொண்டுவராமல், ஷீட் கூரையிலிருந்து மேலே கொண்டு போங்கள்.

பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கலோரி என்று போடத் தெரிகிறது. பல்பில் எத்தனை வாட் என்று போடத் தெரிகிறது. ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் பக்கெட்டில் ஒரு நம்பர் போட முடியாதா என்ன?